ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வண்டிப் பக்கத்துல மாருதி ஸ்விஃப்டோட நாலு தலைமுறையப் பத்தி ஒரு பெட்டிச்செய்தி வந்துச்சு. நாலு போட்டோ, அதுக்குக் கீழ மைலேஜ். 2011-ல 18.6, 2014-ல 20.4, 2018-ல 22, 2021-ல 23.2, 2024-ல 24.8, அதுவே ஆட்டோமேட்டிக்கா இருந்தா 25.75. நம்பர்ல தப்பு ஒண்ணும் இல்ல, கம்பெனி சொன்னத அப்படியே போட்டிருக்கீங்க. ஆனா அந்தப் பெட்டிய எங்க மாப்ள போட்டோ புடிச்சு குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டு "மாமா, பேப்பர்லயே 25 போட்டிருக்காங்க, என் வண்டி 15 தாண்ட மாட்டேங்குது, என்னை ஏமாத்திட்டாங்க"ன்னு ஆரம்பிச்சவரு, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் விடல, சாப்பாட்டுல கூட அதே பேச்சு. வாங்கி எட்டு மாசம் ஆன புது வண்டி, அவரு வேதனை அவருக்கு. அதனாலதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

நான் ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனில 31 வருஷம் கணக்கு எழுதிட்டு ரிட்டயர் ஆனவன், வீடு வேலூர் சத்துவாச்சாரி. கணக்கு எழுதின கை சும்மா இருக்காது இல்லீங்களா, 2009-ல நான் ஸ்விஃப்ட் டீசல் வாங்கின நாள்லேர்ந்து ஒவ்வொரு தடவ டீசல் போடறதையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், இப்ப அது மூணாவது நோட்டு. எங்க வீட்டம்மா அத என் ரெண்டாவது சம்சாரம்னு சொல்லுவாங்க. அண்ணன் வண்டி, பையன் வண்டி, இப்ப மாப்ள வண்டி, எல்லாத்துக்கும் அந்த நோட்டுல பக்கம் இருக்கு, ஏன்னா தற்செயலா எங்க குடும்பத்துலயே நாலு தலைமுறைல மூணு தலைமுறை ஸ்விஃப்ட் ஓடிட்டிருக்கு. ரெண்டாவது தலைமுறை மட்டும் எங்ககிட்ட இல்ல, அதுக்கு எதிர்வீட்டுக்காரர் வண்டி இருந்துச்சு, அவரு கணக்கு எழுத விடல.

எப்படி எழுதறதுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேரு இதுலயே கோட்ட விடறாங்க. ஃபுல் டேங்க் போடணும், நாசில் தானா டக்குனு கட் ஆகுது பாருங்க, அங்கயே நிறுத்திடணும், கிலோமீட்டர எழுதிக்கணும், ஓட்டணும், அடுத்த தடவ அதே பங்க்குல முடிஞ்சா அதே பம்புல மறுபடி கட் ஆகற வரைக்கும் போடணும். ஓடின கிலோமீட்டர போட்ட லிட்டரால வகுத்தா அதுதான் மைலேஜ். 412 கிலோமீட்டர் ஓடி 27.6 லிட்டர் புடிச்சுதுன்னா 14.9, அவ்ளோதான் கணக்கு. ஆனா நம்ம பங்க்குல பையன் கட் ஆன உடனே "சார், 2,760 ஆச்சு, 2,800 ஆக்கிடட்டா"ன்னு கேட்டுகிட்டே ரெண்டு மூணு தடவ கைய அழுத்திடுவான், அங்க அர லிட்டரு கூடப் போயிடும், அந்த மாசக் கணக்கு கெட்டுச்சு. நான் காருலேர்ந்து எறங்கி பக்கத்துலயே நின்னு "வேணாம்ப்பா, சில்லற நான் குடுக்கறேன்"னு சொல்ல ஆரம்பிச்சு இப்ப அந்த பங்க்குல என் பேரே சில்லற சார்.

சரி விஷயத்துக்கு வரேன். உங்க பெட்டில 2005 மாடலப் பத்தி ஒரே ஒரு வரிதான். அதுலதான் எவ்ளோ கதை இருக்கு. 2005 மே மாசம் இங்க வந்தப்ப ஸ்விஃப்ட்ல இருந்தது 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 1298 சிசி, 87 குதிரை சக்தி. அது புது இன்ஜின் கெடையாது, மாருதியோட பழைய எஸ்டீம் கார்ல ஓடினுருந்த அதே குடும்பத்து இன்ஜின். அந்த எஸ்டீமே வெளிநாட்டுல ஸ்விஃப்ட்ங்கற பேருல வித்த பழைய வண்டியோட டிக்கி வச்ச உருவம்தான், அப்படிப் பாத்தா நாம முதல் தலைமுறைன்னு சொல்றதுக்கு முன்னாடியே ஸ்விஃப்ட் நம்ம ரோட்டுல ஓடிடுச்சு, பேரு மட்டும் வேற. எங்க அண்ணன் 2006 மாடல் வாங்கினாரு, ஆரஞ்சு கலர், காட்பாடி ரோட்டுல போனா திரும்பிப் பாப்பாங்க. இன்ஜின் சும்மா பாஞ்சு போகும், ஆனா டவுன்ல 11, 12-க்கு மேல குடுத்ததில்ல, ஹைவேல 15, 16. டைமிங் பெல்ட் வேற, நேரத்துக்கு மாத்தலன்னா அறுந்து வால்வ வளச்சிடுமோன்னு பயம், பின்னாடி வந்த இன்ஜின்ல எல்லாம் செயின்.

அண்ணனோட மைலேஜ் கொறஞ்சதுக்கு இன்னொரு காரணம் அவரேதான், மன்னிக்கணும் அண்ணா. அவரு அம்பாசடர்ல ஓட்டக் கத்துகிட்டவரு, எறக்கம் வந்தா நியூட்ரல் போட்டுடுவாரு, பெட்ரோல் மிச்சம்னு. கார்புரேட்டர் காலத்துல அது கொஞ்சம் செல்லுபடி ஆச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டில அது தலைகீழ். கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டா சக்கரம்தான் இன்ஜின சுத்தும், கம்ப்யூட்டர் பெட்ரோல சுத்தமா நிறுத்திடும். நியூட்ரல் போட்டா இன்ஜின் அணையாம இருக்கணுமேன்னு ஐடில்ல பெட்ரோல் குடிச்சிட்டே இருக்கும், மலை எறக்கத்துல இன்ஜின் பிடிமானமும் போயி எல்லா பாரமும் பிரேக்குக்குப் போயிடும். ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவும் நியூட்ரல்ல எறங்கி கீழ பொன்னேரி வந்தப்ப பிரேக்குலேர்ந்து ஒரு நாத்தம் வந்துச்சு பாருங்க, அண்ணி அன்னையோட அவரு கூட மலைக்கு வரமாட்டேன்னுட்டாங்க.

1298 சிசி ஏன் 2010-ல 1197 ஆச்சுன்னு உங்க பெட்டில இல்ல. நிறைய பேரு மைலேஜுக்காக சின்னது பண்ணாங்கன்னு நெனைக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம் வரி. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோலா இருந்தா 1200 சிசிக்குள்ள, டீசலா இருந்தா 1500 சிசிக்குள்ள இருக்கற காருக்கு எக்சைஸ் வரிய 24 சதவீதத்துலேர்ந்து 16 ஆக்கினாங்க. நம்ம நாட்டு சின்னக் காரோட உடம்பு அளவையும் இன்ஜின் அளவையும் தீர்மானிச்சது அந்த ஒரு வரி. 1298-ங்கறது கோட்டுக்கு அந்தாண்ட நிக்குது, 1197 இந்தாண்ட. 2010-ல பிஎஸ்-4ங்கற புகை விதி வந்ததும் சேந்துகிச்சு, பழைய இன்ஜின எடுத்துட்டு மாருதியோட புது கே சீரிஸ் 1.2 இன்ஜின வச்சாங்க. கணக்கு எழுதறவன் இல்லீங்களா, எனக்கு இது இன்ஜினியரிங்க விட சுவாரசியமா இருக்கும்.

இப்ப என் டீசல். 2007-ல ஸ்விஃப்ட்ல டீசல் வந்துச்சு, 1248 சிசி, 75 குதிரை சக்தி, 190 நியூட்டன் மீட்டர் டார்க். இது மாருதியோடது இல்ல, ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், லைசன்ஸ்ல இங்க செஞ்சாங்க. அதே இன்ஜின்தான் டாடா இண்டிகா விஸ்டால, ஃபியட் புன்ட்டோல, அப்புறம் மாருதியோட டிசையர், எர்டிகா எல்லாத்துலயும் ஓடிச்சு, நேஷனல் இன்ஜின்னு கிண்டலா சொல்லுவாங்க. 2000 ஆர்பிஎம்க்குக் கீழ எருமை மாடு மாதிரி நிக்கும், தாண்டினதும் பின்னாடிலேர்ந்து யாரோ தள்ளற மாதிரி போகும். எங்க ஊரு க்ரீன் சர்க்கிள்ல சிக்னல் விழுந்து எடுக்கறப்ப முன்னாடி ஆட்டோ, பக்கத்துல பஸ்ஸு, ரெண்டாவது கியர்ல டர்போ எழுந்துக்கறதுக்குள்ள பின்னாடிக்காரன் ஹாரன் அடிச்சு உயிர எடுப்பான். அது ஒண்ணுதான் அதுகிட்ட எனக்குக் குறை. நோட்டுப்படி டவுன்ல 15.5-லேர்ந்து 16, சென்னை ரோட்டுல 80-ல போனா 20, 21. 2024-ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிச்சாச்சு, இப்ப 2,14,000 கிலோமீட்டர். வேலூர் சைதாப்பேட்டைல நம்ம மெக்கானிக் பாய் பானெட்டத் தொறந்து பாத்துட்டு "இன்னா சார், இன்னும் இத வுட மாட்டேன்றியே, இது இன்னும் ஒரு லட்சம் ஓடும் போலகீதே"ன்னாரு. அவருக்கு வருத்தமா சந்தோஷமான்னு தெரியல.

ஆனா டீசல் காலத்துல எல்லாரும் வரிசைல நின்னது மைலேஜுக்காக மட்டும் இல்ல சார், வெலைக்காக. 2012 மே மாசக் கடைசில டெல்லி வெலை பெட்ரோல் 73 ரூபா, டீசல் 41 ரூபா, நம்ம ஊர்ல ரெண்டும் இன்னும் கொஞ்சம் கூட. அப்ப பெட்ரோல் ஸ்விஃப்ட் 18.6, டீசல் 22.9. 1000 கிலோமீட்டருக்கு பெட்ரோல் 53.8 லிட்டர், அந்த வெலைக்கு 3,927 ரூபா. டீசல் 43.7 லிட்டர், 1,792 ரூபா. பாதிக்கும் கம்மி. யாரு பெட்ரோல் வாங்குவான்? மாசக்கணக்குல வெயிட்டிங். அப்புறம் 2013 ஜனவரிலேர்ந்து டீசல மாசம் 50 பைசா 50 பைசாவா ஏத்தினாங்க, 2014 அக்டோபர்ல கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க, வித்தியாசம் கரைஞ்சு இன்னைக்குப் பத்து ரூபாய்க்குள்ள வந்து நிக்குது. 2018-ல வந்த மூணாவது தலைமுறை டீசல் 28.4 குடுக்கும்னு சொன்னாங்க, லிட்டர் கணக்குல இந்தக் காரு இங்க பேப்பர்ல தொட்ட பெரிய நம்பர் அதுதான், ஆனா அதுக்குள்ள வாங்கறவன் கணக்கு மாறிப்போச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்ப அந்தச் சின்ன டீசல அதுக்கு ஏத்த மாதிரி மாத்தினா வெலை தாங்காதுன்னு நிறுத்தியே போட்டாங்க. பாருங்க, வந்ததும் வெலையால போனதும் வெலையால, இன்ஜின் மேல ஒரு தப்பும் இல்ல.

என் பையன் 2018-ல மூணாவது தலைமுறை பெட்ரோல் எடுத்தான். அதே 1197 சிசி நாலு சிலிண்டர் கே சீரிஸ், பெரிய மாத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா மைலேஜ் 20.4-லேர்ந்து 22-க்குப் போச்சு. எப்படி? வண்டியோட வெயிட்ட 80 கிலோ அளவுக்கு எறக்கிட்டாங்க, ஒரு ஆளக் கீழ எறக்கி விட்ட மாதிரி. புது பிளாட்பாரம், ஒசந்த ரக இரும்பு, மெல்லிசு. சிக்னல்ல நின்னு நின்னு எடுக்கற ஊர்ல வெயிட் கொறஞ்சா நேரா பெட்ரோல்ல தெரியும். பையன் வண்டி டவுன்ல 14 கிட்ட, ஹைவேல 19 தாண்டுது, அண்ணன் வண்டியோட வச்சுப் பாத்தா டவுன்ல ரெண்டு, ஹைவேல மூணு கூட. கதவச் சாத்தறப்ப மட்டும் அண்ணன் வண்டில டொப்புனு ஒரு கனமான சத்தம் வரும், பையன் வண்டில தகரடப்பா சத்தம். அந்த உடம்பு குளோபல் என்கேப் மோதல் சோதனைல 2018-ல ரெண்டு ஸ்டார், விதிய இறுக்கினதுக்கு அப்புறம் 2022-ல ஒரே ஸ்டார் வாங்கிச்சு, அதையும் மைலேஜ் பக்கத்துலயே போட்டிருந்தா நல்லாருந்திருக்கும். லேசா செஞ்சா பாதுகாப்பு போயிடும்னும் சொல்ல முடியாது, 2024-ல வந்த புது டிசையர், நாலாவது தலைமுறை ஸ்விஃப்ட்ல இருக்கற அதே மூணு சிலிண்டர் இன்ஜினோட அஞ்சு ஸ்டார் வாங்கிடுச்சு. செய்ய மனசு இருந்தா செய்யலாம்.

2021-ல அந்த இன்ஜினயே திருத்தினாங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு இன்ஜெக்டர், கம்ப்ரஷன் 12-க்கு 1, சிக்னல்ல நின்னா தானா அணஞ்சு கிளட்ச் மிதிச்சா தானா எடுக்கற ஏற்பாடு. 90 குதிரை சக்தி. எங்கிட்ட அந்த வண்டி இல்ல, ஓட்டிப் பாத்த வரைக்கும் நாலு தலைமுறைலயும் நல்ல பெட்ரோல் இன்ஜின் அதுதான்னு என் அபிப்பிராயம், பாயும் அதயேதான் சொல்றாரு.

மாப்ளயோடது 2024 மே மாசம் வந்த நாலாவது தலைமுறை. மூணு சிலிண்டர், அதே 1197 சிசி, 82 குதிரை சக்தி, முன்னாடி இருந்தத விட எட்டு கம்மி. ஒரு சிலிண்டர் கொறஞ்சா ஒரசற சாமான் கொறையுது, பெட்ரோல் மிச்சம், பதிலுக்கு ஐடில்ல ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், ஸ்டியரிங்ல கை வச்சா புரியும், பயப்பட ஒண்ணும் இல்ல. ஷோரூம்ல அவருகிட்ட "25 கன்ஃபார்ம் சார், ஹைவேல 28 வரும்"னு சொல்லி இருக்காங்க. எந்த ஷோரூம்னு எழுதல, எங்க போனாலும் இதே பாட்டுதான். 15 குடுக்குதுன்னு போய்க் கேட்டா சர்வீஸ்ல "உங்க டிரைவிங் ஸ்டைல் அப்படி"ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிட்டாங்க. மாப்ளைக்கு அதுதான் ரொம்ப சுருக்குனு தச்சது.

நான் ரெண்டு வாரம் அவரு வண்டிய என் நோட்டுல ஏத்தினேன். காட்பாடி காந்தி நகர் வீட்டுலேர்ந்து காலைல கொழந்தைய ஸ்கூல்ல விட்டுட்டு அங்கேர்ந்து பாகாயம் பக்கம் ஆபீஸ், நடுவுல பாலாத்துப் பாலம், க்ரீன் சர்க்கிள், ஊருக்குள்ள நெரிசல், வேலூர் வெயில்ல ஏசி மூணுல. இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஸ்கூல் வந்துடுது, குளுந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூட வேணும், சின்னச் சின்ன ஓட்டத்துல எந்த வண்டியும் இப்படித்தான் குடிக்கும். அந்த ரூட்டுல 14.8. டயர்ல காத்து பாத்தேன், நாலும் 26-ல இருந்துச்சு, 33-க்கு ஏத்தினேன், அடுத்த டேங்க்குல 15.6. அப்புறம் ஞாயித்துக்கெழம விடியக்காலைல ரெண்டு பேரும் கெளம்பி பைபாஸ்ல வாலாஜா டோல் தாண்டி காஞ்சிபுரம் வரைக்கும் போயி வந்தோம், 80-ஐ தாண்டல, ஏசி ஒண்ணுல. ஸ்க்ரீன் 23.9 காட்டிச்சு, நோட்டு 22.1 சொல்லிச்சு. வண்டில ஒரு கோளாறும் இல்ல மாப்ள, உங்க ரோடு வேற, அவங்க ரோடு வேறன்னேன். அந்த ஸ்க்ரீன் எப்பவும் ஒண்ணு ரெண்டு கூடத்தான் காட்டும், எங்க வீட்டு ரெண்டு புது வண்டியும் அப்படித்தான்.

அவங்க ரோடுன்னு சொன்னேனே, அது ரோடே இல்ல சார். உங்க பெட்டில கீழ சின்ன எழுத்துல "ஏஆர்ஏஐ சான்று"ன்னு இருக்கு, அது பூனால இருக்கற வண்டி சோதனை நிறுவனம், படிக்கறவங்க யாரோ வண்டிய எடுத்துட்டு பூனாலேர்ந்து பாம்பே வரைக்கும் ஓட்டிப் பாத்தாங்கன்னு நெனைப்பாங்க. வண்டிய ரூமுக்குள்ள உருளை மேல ஏத்தி நிறுத்தி சக்கரத்த மட்டும் சுத்த விடறாங்க. மொத்தமே 1180 செகண்டு, இருவது நிமிஷம் கூட இல்ல, ஓடற தூரம் 11 கிலோமீட்டர் கிட்ட, சராசரி வேகம் 32 கிலோமீட்டர் சுமார், உச்சமே 90. ஐரோப்பாவுல முன்னாடி இருந்த சோதனைய எடுத்து 120-ஐ 90-ஆ கொறச்சு நம்ம நாட்டுக்குன்னு வச்சுகிட்டது. ஏசி ஆஃப். மே மாசம் மத்தியானம் கோட்டை எதிர்ல சிக்னல்ல நிக்கற வெயில் அங்க கெடையாது, ஸ்பீட் பிரேக்கர் கெடையாது, திருவண்ணாமலை கிரிவலத்துக்கு அஞ்சு பேரு ஏறி டிக்கில சாப்பாட்டுக் கூடை வச்சதும் கெடையாது. இது மோசடின்னு நான் சொல்லல. எல்லா வண்டியையும் ஒரே தராசுல போட்டா எது கம்மியா குடிக்குதுன்னு தெரியும், அதுக்கு இது சரியான தராசு. உங்க வீட்டு வாசல்ல என்ன வரும்னு சொல்ல அது வந்ததே இல்ல.

இதுல எத்தனாலும் சேந்துகிச்சு. இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான், அப்ப மைலேஜ் கொறையாம எங்க போகும். 2021-ல நிதி ஆயோக் போட்ட திட்ட அறிக்கைலயே 10 சதவீதத்துக்கு ட்யூன் பண்ண பழைய காருக்கு 6, 7 சதவீதம் கொறையும், புதுசா இதுக்குன்னே ட்யூன் பண்ணதுக்கு 1, 2 சதவீதம்னு எழுதி இருக்காங்க. பையன் வண்டி 2018, அவன் பக்கத்துல ரெண்டு வருஷமா டவுன் நம்பர் 14-லேர்ந்து 13-க்கு நழுவி இருக்கு, வண்டிக்கு வயசானதும் அதுல இருக்கும், எல்லாத்தையும் எத்தனால் தலைல கட்ட நான் தயாரில்ல.

சிஎன்ஜி வச்சுக்கலாமான்னு மாப்ள கேக்கறாரு. புது ஸ்விஃப்ட்லயே கம்பெனி சிஎன்ஜி இருக்கு, கிலோவுக்கு 32.85-ன்னு சொல்றாங்க. டிக்கில சிலிண்டர் ஒக்காந்துக்கும், ஊருக்குப் போனா பெட்டி மடில. மத்தியான வெயில்ல ரொப்பினா சூட்டுல கேஸு விரிஞ்சு எடை கம்மியாத்தான் ஏறும், காலைல போங்கன்னு டாக்ஸிக்காரங்க சொல்லுவாங்க, காலைல போனா ஆட்டோ வரிசை தெருமுனை வரைக்கும். மாசம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடறவங்களுக்கு சரி, மாப்ளைக்கு வேணாம்னுட்டேன்.

இப்ப நான் கேக்க வந்தது. மைலேஜ லிட்டருக்கு இத்தன கிலோமீட்டர்னு போடறதுலயே ஒரு கண்கட்டு வித்த இருக்கு சார். 15 குடுத்த வண்டி 18 குடுத்தாலும் மூணு கூட, 22 குடுத்த வண்டி 25 குடுத்தாலும் மூணு கூட, ரெண்டும் ஒண்ணுன்னுதான் தோணும். போட்டுப் பாருங்க. 1000 கிலோமீட்டருக்கு 15-ல 66.7 லிட்டர், 18-ல 55.6, மிச்சம் 11 லிட்டர். 22-ல 45.5, 25-ல 40, மிச்சம் அஞ்சரை லிட்டர். அதே மூணு, பாதி காசு. மேல போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டரும் பவுசுக்குத்தான். உங்க பெட்டில இருந்த அதே நம்பர எடுத்து நான் மாத்திப் போட்டேன். 1000 கிலோமீட்டருக்கு 2011 வண்டி 53.8 லிட்டர், 2014-ல 49, 2018-ல 45.5, 2021-ல 43.1, 2024-ல 40.3. பதிமூணு வருஷத்துல மிச்சமானது பதிமூணரை லிட்டர், அதுலயும் பாதிக்கு மேல 2018 மாடல்லயே வந்தாச்சு. 24.8-க்கும் 25.75-க்கும் நடுவுல இருக்கறது ஒண்ணரை லிட்டர். ஆட்டோமேட்டிக் வந்தப்ப அதே மாடல் மேனுவல விட 50 ஆயிரம் கூட வச்சாங்க. லிட்டர் 100 ரூபான்னு வச்சாலும் அந்த 50 ஆயிரத்த மைலேஜ்ல எடுக்க மூணு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டணும். கால் வலிக்குதுன்னு ஆட்டோமேட்டிக் வாங்குங்க, நானும் வாங்குவேன், மைலேஜுக்குன்னு சொல்லாதீங்க.

இதே கணக்குல மாப்ள பிரச்சினையப் பாத்தா, அவரு மாசம் 1000 கிலோமீட்டர். 25-ன்னா 40 லிட்டர், அவருக்கு வர்ற 15.6-க்கு 64 லிட்டர். மாசம் 24 லிட்டர் துண்டு விழுது, 2,400 ரூபா. அவரு கோவத்துக்கு அர்த்தம் இருக்கு, இன்ஜின் மேல இல்ல, அந்த 25-ஐ நம்பி வீட்டு பட்ஜெட் போட்டாரு பாருங்க அங்க. யாராவது முன்னாடியே ஏசியோட டவுன்ல மூணுல ஒரு பங்கு கழிச்சுக்கங்கன்னு சொல்லி இருந்தா மனுஷன் அதுக்கு ஏத்த மாதிரி பணம் ஒதுக்கி இருப்பாரு. ஐரோப்பாவுல 100 கிலோமீட்டருக்கு இத்தன லிட்டர்னுதான் போடறாங்க, நமக்கு மாசக்கணக்கு பழக்கம், 1000 கிலோமீட்டர்னு போட்டா சம்பளத்தோட வச்சுப் பாக்க சுலபம்.

அதனால அடுத்த தடவ எந்த வண்டியப் பத்தி எழுதினாலும் கம்பெனி நம்பர் பக்கத்துல 1000 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு ஒரு வரி, ஏசி ஆஃப்ல எடுத்ததுன்னு ஒரு வரி, முடிஞ்சா உங்க நிருபர் ஒரு ஃபுல் டேங்க் டவுன்லயும் ஒரு ஃபுல் டேங்க் ஹைவேலயும் ஓட்டிப் பாத்த கணக்கு, இது மூணையும் போடுங்க. நிருபருக்கு நேரம் இல்லன்னா என் மூணு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பறேன், மாப்ள பக்கம் இப்பதான் ஆறாவது வரி ஆகுது, அத மட்டும் திருப்பிக் குடுத்துடணும், நாளைக்கு மறுபடி டேங்க் ரொப்பப் போறாரு.

இப்படிக்கு,
பழைய கணக்கர் ஒருத்தர்,
சத்துவாச்சாரி, வேலூர்.